அடுப்படி ஜெபமாலை

என் சமையல்கட்டில் கடிகாரம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கிளப்பிவிடும் கரித்தூசியும் சேர்ந்து அதன் முகத்தையே மூடிவிட்டன. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய்க் கழற்றிவிட்டேன். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. எனக்குக் கடிகாரம் ஜெபந்தான். உலை கொதித்து அரிசியைப் போட்டதும் ஜெபமாலையை எடுப்பேன். மாதாவை நோக்கிச் சொல்கிற அருள் நிறை மந்திரத்தைப் பத்துத் தடவை சொன்னால் ஒரு பத்து. அப்படி ஐந்து பத்து முடிந்தால் சோறு பதமாக வெந்திருக்கும், இறக்கி வடிக்கலாம். குழம்பில் மீனைப் போட்ட பிறகு இரண்டு பத்து. முட்டைக்கு மூன்று. டீத்தூள் போட்டால் ஒரே ஒரு விசுவாசப் பிரமாணம், அதற்கு மேல் விட்டால் கசக்கும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெபம் செய்ய நேரமில்லாத ஒருத்தி தானாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி இது. கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பாரம் தூக்குகிற விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிப்ட் மாறி மாறி வரும். இடுப்பில் கைக்குழந்தை, தெருவில் தண்ணீர்க் குழாய், குழாயடியில் சண்டை. முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபிக்க எனக்கு எங்கே நேரம்? ஒரு நாள் ஆத்திரத்தில் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து, "உனுக்கு வேணும்னா அடுப்பாண்ட வந்து கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போனேன். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு நன்றாகவே வந்தது.

அப்போதெல்லாம் என் வாய் சும்மா வாய் இல்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்கள் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு வேகம். மூச்சு விடாமல் ஒரு பத்தை முடித்துவிடுவேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னாமே, மாதாவை ஏலம் உட்டுகினு கீறியா?"

"உனுக்கு சோறு வேணுமா, வாணாமா?" என்பேன். அவர் நேரே கை கழுவப் போவார்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். வலது கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது. எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. சனியனே என்று திட்டப் பார்த்தேன். வார்த்தை வாய்க்குள்ளேயே உருண்டது, வெளியே வரவில்லை. பக்கத்துப் போர்ஷனில் ஒருத்தி இருக்கிறாள், தெருத்தெருவாக மீன் விற்கிறவள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"யக்கா! வாயி இன்னாக்கா ஒரு பக்கமா இஸ்துகினு போவுது!"

அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஆட்டோவைக் கொண்டுவந்தார்கள். அவர் என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். பக்கவாதம், ஆனால் சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், அதனால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். உயிர் தங்கியது. வலது கையும் நாக்கும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கைக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். நாக்குக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். "உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சதை வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்கம்மா. ஒவ்வொரு வார்த்தையா, தெளிவா. அவசரமே கூடாது" என்றாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வேறென்ன இருக்கிறது? கட்டிலில் படுத்தபடியே ஜெபமாலை சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாக.

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் புழலில் இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். லீவு போட்டுவிட்டு வந்து, என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். வாய் திருந்தி நான் நாலு வார்த்தை தெளிவாகப் பேசத் தொடங்கியதும் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள்.

"நைனாவும் நீயும் என்னோட வந்துடுங்கமா. இந்த வூட்டைக் காலி பண்ணிடலாம்."

"அங்க வந்து நான் இன்னா பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா உட்காரு, டிவி பாரு. நான் ஆக்கிப் போடறேன்."

சும்மா உட்கார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பக்கவாதம் வந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. இந்த வீடு வாடகை வீடுதான். மழைக்கு ஒழுகும், கோடையில் வேகும். ஆனால் இதில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மீன் ஆய்ந்து, கூடவே ஜெபம் சொல்லி வாழ்ந்தவள் நான். அதையெல்லாம் எடுத்துவிட்டால் சோபாவில் உட்கார வைக்க மீதி என்ன இருக்கும்? உதவிக்கு அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலிலிருந்து எவ்வளவு பாரத்தை வேண்டுமானாலும் தூக்கி இறக்கிய மனுஷர், வீட்டில் ஒரு வார்த்தையைத் தூக்கி வைக்கமாட்டார்.

மகள் விடவில்லை. "அந்தக் கையோட நீ சோத்துப் பானையைக் கவுத்து வடிப்பியா? கொதிக்கிற கஞ்சி மேல ஊத்திக்கினா யாரு பாக்கறது? நான் புழல்ல கீறேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஈஸ்டர் அன்னிக்கு இங்க வா. மத்தியானச் சாப்பாடு நான் ஆக்கறேன், எவ ஒத்தாசையும் இல்லாம. வாயில வெக்க முடியலன்னா, அன்னிக்கே மூட்டை கட்டிகினு உன் பின்னாடி வந்துடறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாதா பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவளும் தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புழலுக்குப் போனாள்.

மறுநாள் காலையே மஞ்சள் பந்தை அலமாரியில் தூக்கி எறிந்தேன். பந்தைப் பிசைந்தால் பந்து என்ன ஆகும், பந்தாகவேதான் இருக்கும். அதற்குப் பதிலாக அவருடைய லுங்கியைப் பிசைந்தேன். அது வெளுத்தது. அழுக்கு இறங்கிய தண்ணீரைப் பார்த்தால் செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது. தேங்காய் நார் எடுத்து வலது கையாலேயே பாத்திரம் தேய்த்தேன். சில்வர் டம்ளர்கள் கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்து உருண்டன. பக்கத்துப் போர்ஷனிலிருந்து, "இன்னா அங்க சண்டையா?" என்று குரல் வந்தது. "ஆமா, எனுக்கும் கர்த்தருக்கும் சண்டை" என்று கத்தினேன்.

பொய் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன். பெருக்கும்போது துடைப்பம் நழுவினால், "ஏன் சாமி, உயிரை விட்டுட்டு கையை எதுக்கு எடுத்துகினே?" என்று கேட்பேன். துடைப்பத்தை எடுத்து அடுத்த அறையைப் பெருக்குவேன். ஒரு ஜன்னல் கம்பியைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த லாரி போய் அதன்மேல் தூசியைப் போட்டுவிடும். முன்னெல்லாம் அதற்காகவே துறைமுகத்தையும் லாரியையும் ஓட்டுகிறவனையும் சேர்த்துத் திட்டுவேன். இப்போது, வாடா கண்ணு, இன்னும் ஒரு தரம் துடைக்க எனக்கு வேலை கொடு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு வெறி எனக்கு.

ஒரு நாள் காலை வெந்நீரில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வலது கையை உள்ளே விட்டதும் விரல் நுனியில் என்னமோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. திரும்ப விட்டேன். சூடு! அத்தனை நாளாக மரக்கட்டையாகக் கிடந்த விரலுக்குச் சூடு தெரிந்தது.

"சுடுது! யோவ், சுடுதுய்யா!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அவர் கஞ்சிதான் கொட்டிவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் தலை மேலேயே ஊற்றிவிட்டார். நான் சொட்டச் சொட்ட நனைந்து நின்று சிரிக்கிறேன். அவர் குடத்தைப் பிடித்தபடி முழிக்கிறார். "சந்தோசம்யா, சந்தோசத்துல கத்தினேன்" என்றேன். "அத்த மெதுவா சொன்னா இன்னா" என்று தரையைத் துடைக்கத் துணி எடுத்தார். துணியைப் பிடுங்கி நானே துடைத்தேன். அன்றைக்குப் பிறகு பாத்திரம் தேய்ப்பது எனக்கு வேலையாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வெந்நீரில் கையை விடும்போது, இன்றைக்கும் சுடுகிறதா என்று பார்ப்பேன். சுடும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத் தேய்க்கத் தொடங்குவேன்.

பெருக்கல், துவையல், பாத்திரம் எல்லாம் இப்படி வழிக்கு வந்தன. சமையல் மட்டும் வரவில்லை. வழக்கம்போல அரிசியைப் போட்டு ஐந்து பத்து சொல்லி முடித்து மூடியைத் திறந்தால் சோறு களியாகக் கிடந்தது. மறுநாளும் அதேதான். சங்கரா மீன் குழம்பில் கரைந்து முள் மட்டும் மிதந்தது. டீ கஷாயமாகக் கசந்தது. உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வேக்காடு மட்டும் போய்விட்டது. அவர் ஊறுகாயை நிறைய வைத்துக்கொண்டு விழுங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் வாசலுக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தட்டிலிருந்த சோற்றைத் தெருநாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாயும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது.

"நாய்கூடத் துன்னல பாரு!" என்றேன்.

"அதுக்கு வவுறு சரியில்லமே" என்றார். என்ன இருந்தாலும் என்னை விட்டுக்கொடுக்காத மனுஷர். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை. உள்ளே வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் கைப்பக்குவம் போய்விட்டது, மகள் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. புழலில் அந்தச் சோபாவில் நான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஆண்டவர் சிலுவை சுமந்து போன பதினாலு நிலைகளையும் நினைத்து ஜெபிக்கிற சிலுவைப்பாதைக்கு நான் வந்தே தீருவேன் என்று அடம் பிடித்தேன். அவர் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார். என்னை முன் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கோயில் நிறைய ஜனம். முதல் நிலை வந்தது. எல்லோரும் சேர்ந்து பரலோக மந்திரத்தை ஆரம்பித்தோம். எத்தனை நாளைக்குப் பிறகு எல்லோரோடும் சேர்ந்து சொல்கிறேன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாகச் சொன்னேன்.

நான் பாதி வருவதற்குள் கோயில் முழுக்க ஆமென் சொல்லி நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தேன். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று வாயை மூடினேன். அடுத்து அருள் நிறை மந்திரம். அதிலும் அவர்கள் எங்கோ போய்விட்டார்கள், நான் பின்னால் நின்றேன். இரண்டாம் நிலையிலும் அதே கதை. வெட்கத்தில் காது சுட்டது. மூன்றாம் நிலையில் ஆண்டவர் முதல் முறை விழுகிற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. என் பேச்சு தெளிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் தெளிவைத்தான் பார்த்தேன். வேகத்தை யார் பார்த்தது? முன்பு ஒரு ஜெபமாலை சொன்ன நேரத்தில் இப்போது பாதிதான் சொல்கிறேன். அப்படியானால் என் சோறு இரண்டு மடங்கு நேரம் வேகிறது!

ஆண்டவர் விழுந்து கிடக்கிறார், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். பின்னாலிருந்து அவர் ஓடிவந்து குனிந்தார்.

"இன்னாமே அய்வுறியா? வூட்டுக்குப் போலாமா?"

"சிரிக்கிறேன்யா. நீ போய் தூணாண்ட நில்லு."

வெளியே வந்ததும் தெருவிலேயே நின்று அவருக்கு விளக்கினேன். "கையி போவலய்யா. பக்குவம் போவல. ஜெபந்தான் நீண்டு போச்சு, அதான் சோறு கொயஞ்சுது!" அவர் உடனே ஒரு வழி சொன்னார்.

"அப்ப பாதி ஜெபம் சொல்லு."

"மீதியை உங்க நைனாவா வந்து சொல்லுவாரு?"

"போன்ல மணி அடிக்கிற மாரி வெச்சுடட்டா?"

அதுவும் நியாயமான யோசனைதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாக்கு நன்றாக இருந்த காலத்தில் முழு ஜெபமாலை கொடுத்தவள், பிழைக்க வைத்த பிறகு பாதியாக வெட்டிக் கொடுப்பதா? அப்படி ஒரு சில்லறை வேலையை என்னால் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்ததும் அடுப்பைத்தான் பார்த்தேன். ஜெபத்தைக் குறைக்க வேண்டாம், நெருப்பைக் குறைத்தால் போதும்.

சொல்லிவிட்டேனே தவிர, உடனே வந்துவிடவில்லை. முதல் நாள் நெருப்பை ரொம்பக் குறைத்துவிட்டேன், சோறு நறுக்கரிசியாக நின்றது. மறுநாள் கொஞ்சம் கூட்டினேன், அடி பிடித்தது. மீனுக்குத் தனியாக, சோற்றுக்குத் தனியாக அடுப்புக் குமிழை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தினமும் பார்த்தேன். தபசு காலம் முழுக்க நாக்கை அடக்கி அவர் செய்த ஒறுத்தல் வேறு எவரும் செய்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய்ப் பாட்டிலைத் தொடாமலே எழுந்து போனார். அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

மெதுவான நெருப்பில் மெதுவான ஜெபம். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் நிற்கும்போது வேறு எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லை. புளி கொதிக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் போவது கேட்டது. ஜெபமாலையில் என்ன சொல்கிறேன் என்பதும் காதில் விழுந்தது. மாதா தன் உறவுக்காரியைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிற இடம் வரும். அந்த அம்மாவுக்கு வயதான காலத்தில் கர்ப்பம். போன இடத்தில் மாதா சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? தண்ணீர் இறைத்திருப்பாள், மாவு பிசைந்திருப்பாள், அந்தம்மாவின் துணியைத் துவைத்துப் போட்டிருப்பாள். நானும் அவளும் ஒரே வேலைக்காரிகள் என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது.

ஈஸ்டருக்குக் கறி எடுப்பதுதான் எங்கள் தெருவில் வழக்கம். நான் மீன்தான் என்று தீர்மானித்தேன். உயிர்த்த பிறகு ஆண்டவர் கடற்கரையில் நெருப்பு மூட்டி, ராவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்த சீஷர்களுக்கு மீன் சுட்டு வைத்துக்கொண்டு, "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாராம். ஒவ்வொரு வருஷமும் பூசையில் வாசிப்பார்கள். அந்த வருஷந்தான் எனக்கு அது புரிந்தது. சாவிலிருந்து எழுந்து வந்தவருக்கு எவ்வளவு பெரிய வேலைகள் இருந்திருக்கும்! அவர் உட்கார்ந்து அடுப்பு மூட்டினார். மீன் விற்கிறவளிடம் நல்ல வஞ்சிரமாக ஒன்று சொல்லி வைத்தேன்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். மகள் வந்தாள், கையில் ஒரு பெரிய டிபன் கேரியர்.

"இன்னாடி இது?"

"பிரியாணி. சும்மா, ஒரு இதுக்கு."

"எனுக்கு கருமாதி சாப்பாடு இப்பவே கொண்டாந்துட்டியா?"

"மா!" என்று அதட்டினாள். கேரியரை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துச் சமையல்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தாள். பரீட்சை ஹாலில் டீச்சர் உட்காருவது மாதிரி. அவர் வெளியே நாற்காலியில் இருந்தார்.

உலையில் அரிசியைப் போட்டேன். நெருப்பைக் குறைத்தேன். ஜெபமாலையை எடுத்தேன். அவளும் வழக்கத்தில் கூடவே முணுமுணுத்தாள், அப்படியே என் பழைய வேகம், பெற்ற தாயை உரித்து வைத்திருக்கிறாள். "மா, நான் முடிச்சுட்டேன்" என்றாள். "எனுக்கு இன்னும் ரெண்டு பத்து கீது" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். நான் முடித்து மூடியைத் திறந்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது.

இனி வடிக்க வேண்டும். பானையின் பாரத்தை இடது கைக்குக் கொடுத்து, வலது கையால் துணியோடு மூடியை அழுத்திப் பிடித்தேன். அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

"உட்காரு."

"மா, கையி நடுங்குது."

"நடுங்கட்டும். உட்காருடி."

நடுங்கத்தான் செய்தது. பானை சாய்ந்தது. கஞ்சி தொட்டிக்குள் விழுந்தது. கொஞ்சம் தெறித்து என் பாதத்தில் பட்டு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் வடித்து முடித்த பிறகுதான் பானையைக் கீழே வைத்தேன். அவள் தெறித்ததைப் பார்த்துவிட்டாள்.

குழம்பு கொதித்துத் தயாராக இருந்தது. வஞ்சிரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். "ரெண்டு பத்து. என்கூட சொல்லு, என் கூடவே வா, முன்னாடி ஓடாத" என்றேன். அவள் எழுந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் ஒரு வார்த்தை சொல்ல, அவளும் அதே வார்த்தையில் நின்று சொன்னாள். முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் மூன்றாம் மணி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவைக் கேட்கிற இடம். "இப்பொழுதும்" என்றேன், அவளும் சொன்னாள். "எங்கள் மரண நேரத்திலும்" என்றேன். அவள் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆட்டோவுல நீ போன அன்னிக்கு நான் புழல்லேர்ந்து வந்துகினே இருந்தேம்மா. டிராபிக்கு. இதையேதான் திரும்பத் திரும்ப சொல்லிகினு வந்தேன். நான் வர்றதுக்குள்ள நீ போயிடுவியோன்னு..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் பயந்தது கஞ்சிக்கு இல்லை. கட்டிப்பிடித்து அழுதிருப்பேன், ஆனால் அடுப்பில் மீன் இருந்தது. அவள் கையைப் பிடித்து முகத்திலிருந்து இறக்கினேன்.

"இத பாரு. மாதாவை ரெண்டு நேரத்துக்குத்தான் கூப்புடறோம். மரண நேரத்த அவ பாத்துக்குவா. அதுக்கு நீயும் பயப்படாத, நானும் பயப்படல. ஆனா இப்பொழுதுன்னு ஒண்ணு கீதே, அது என்னோடது. அத்த உன் சோபால கொண்டுபோய் வெக்க மாட்டேன். இங்கதான் வெப்பேன். சொல்லு, மீனு காத்துகினு இருக்காது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாங்கள் நின்ற அதே வார்த்தையை எடுத்துச் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, என் வேகத்திலேயே, கடைசி மணிவரைக்கும் வந்தாள். நான் அடுப்பை அணைத்தேன். துண்டு உடையாமல் இருந்தது.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். மீனும் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வடிக்கும்போது மட்டும் நைனாவைக் கூப்டு."

"கூப்புடாட்டியும் வருவேன்" என்றார் அவர். "நான் எங்க போவப்போறேன்? இங்கதான கீறேன்."

அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன், வலது கையால்தான். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது. மகள் துடைக்கக் கையை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். அதையும் நானே துடைத்தேன்.